கேள்வி பதில்: ஓர் அடியில் மறையும் சிக்னல்

கேள்வி: எங்கள் வீடு கீரிப்பாறையில் ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. முற்றத்தில் ஓரிடத்தில் நின்றால் கைப்பேசியில் தெளிவாகப் பேச முடிகிறது; ஓர் அடி நகர்ந்தால் பேச்சு அறுபடுகிறது. நாகர்கோவிலில் இரவு வரை நிற்கும் சார்ஜ், இங்கே மதியத்திலேயே தீர்ந்துவிடுகிறது. டவரின் சக்தியைக் கூட்டினால் இரண்டும் சரியாகிவிடாதா?
– வாசகர் ஒருவர், கீரிப்பாறை

பதில்: சரியாகாது. மலையும் மரங்களும் மறைப்பதால் உங்கள் பகுதியில் சிக்னல் பொதுவாகவே மெலிந்திருக்கலாம். ஆனால் ஓர் அடிக்குள் நேரும் மாற்றத்துக்கு மலை காரணமாக முடியாது. டவரிலிருந்து புறப்படும் ரேடியோ அலை நேராகவும், பாறையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பியும் பல வழிகளில் உங்களை வந்தடைகிறது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகச் சுவரில் மோதித் திரும்பும் கடலலை, எதிரே வரும் அலையோடு கலந்து ஓரிடத்தில் எழும்பியும் ஓரிடத்தில் அடங்கியும் போவதைப் போலவே, இவையும் முகடோடு முகடு சேருமிடத்தில் வலுக்கின்றன. முகடோடு பள்ளம் சேருமிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கைப்பேசிகள் பயன்படுத்தும் அலைகளில் ஒன்றான 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 33 செ.மீ. என்பதால், வலுத்த இடத்துக்கும் மெலிந்த இடத்துக்கும் இடையே ஒரு சாண் தூரம்கூட இருக்க வேண்டியதில்லை.

அந்த மெலிந்த இடத்தில் சிக்னல் நூறில் ஒரு பங்காகவும், சில வேளைகளில் ஆயிரத்தில் ஒரு பங்காகவும் சரிந்துவிடும். டவரின் சக்தியை இரு மடங்காக்கினாலும் இச்சரிவு ஈடாகாது. பக்கத்து டவர்களின் பகுதியில் இடையூறுதான் மிகும். மேலும், 4ஜி கைப்பேசி அனுப்பக்கூடிய உச்ச சக்தி பொதுவாக 0.2 வாட் அளவே. அது டவரை எட்டாவிட்டால், திரையில் கோடுகள் நிறைந்திருந்தாலும் அழைப்பு நிலைக்காது. (அக்கோடுகள் டவரிலிருந்து வருவதை மட்டுமே காட்டுகின்றன என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.) ஆகவேதான் பொறியாளர்கள் சக்தியைக் கூட்டுவதைவிட, இடைவெளி விட்டு இரண்டு ஆன்டெனாக்களை வைப்பதை விரும்புகிறார்கள்; ஏனெனில் இரண்டிலும் ஒரே நேரத்தில் சிக்னல் சரிவது அரிது.

சார்ஜ் தீர்வதற்குக் காரணம் வேறு. தன்னை வந்தடையும் சிக்னலை அளந்து, சக்தியைக் கூட்டும்படியோ குறைக்கும்படியோ டவர் கைப்பேசிக்கு ஆணையிட்டுக்கொண்டே இருக்கும். 3ஜி முறையில் இது நொடிக்கு 1,500 முறை என வகுக்கப்பட்டது. இல்லையேல் அருகிலிருப்பவரின் சிக்னல் தொலைவிலிருப்பவருடையதை மூழ்கடித்துவிடும். நாகர்கோவிலில் டவர்கள் நெருங்கியிருப்பதால் சிறு சக்தியே போதும். உங்கள் ஊரில் கைப்பேசி உச்ச அளவை ஒட்டியே உழைக்கிறது. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை வழியே அழைக்கும் வசதியை இயக்குங்கள். அழைப்பு எதிர்பாராத இரவுகளில் ஏரோபிளேன் மோடில் வைத்துவிடுங்கள்.