அபாயக் கட்டமும் இன்ஷூரன்ஸ் லிமிட்டும்

அன்புள்ள சார்,

பெருங்குடியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். டீமில் பாதிப் பேர் அமெரிக்கர்கள். போன வாரம் மீட்டிங்கில் ஒருவர் ஜோக் சொன்னார். கார் மோதி ரோட்டில் கிடக்கிற ஆள், உதவ வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு ‘ஆம்புலன்ஸ் வேண்டாம், டாக்ஸி புக் பண்ணுங்க’ என்று கெஞ்சுகிறானாம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பதிலுக்கு நானும் ஒன்று சொன்னேன். டாக்டர்: ‘உங்கப்பா அபாயக் கட்டத்தைத் தாண்டிட்டார்.’ மகன்: ‘இன்ஷூரன்ஸ் லிமிட்டையும் தாண்டிட்டார் டாக்டர்.’ ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. என் ஆங்கிலம் சரியில்லையா? இல்லை, நகைச்சுவை மொழி தாண்டிப் போகாதா?

வாசகர், பெருங்குடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஆங்கிலத்தின் மேல் பழி போட வேண்டாம். ஆஸ்பத்திரி ஜோக் புரிய வேண்டுமென்றால் அந்த ஊரில் பில் எப்போது வருகிறது, யார் கட்டுகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அவர்கள் ஜோக். நமக்கு 108 இருக்கிறது. 2008-லிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிறது, காசு கிடையாது. அமெரிக்காவில் ஆம்புலன்ஸுக்குத் தனி பில் உண்டு. அடிபட்டவன் எந்த ஆம்புலன்ஸ் வரும் என்று தேர்ந்தெடுக்க முடியாது. வருவது அவனுடைய இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் இல்லாததாக இருந்தால் மீதித் தொகை அவன் தலையில் விழலாம். இப்படித் திடீரென்று வந்து விழுகிற பில்களைத் தடுக்க ஒரு சட்டம் போட்டு 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். விமான ஆம்புலன்ஸை அதில் சேர்த்தவர்கள், ரோட்டில் ஓடுகிற ஆம்புலன்ஸை விட்டுவிட்டார்கள். அந்தச் சட்டமே ஒரு ஜோக்தான் என்பேன். ஆகவே டாக்ஸி கேட்டவன் கஞ்சனும் இல்லை, பைத்தியமும் இல்லை. கணக்குத் தெரிந்தவன்.

இப்போது உங்கள் ஜோக். நம் பாலிசியில் ஐந்து லட்சம் என்று போட்டிருந்தால் அதுவரை கம்பெனி கட்டும், மேலே போனால் நாம் கட்ட வேண்டும். லிமிட் தாண்டினால் நகை அடகுக்குப் போகும். அங்கே கிட்டத்தட்ட தலைகீழ். வருடத் தொடக்கத்தில் ஒரு தொகை வரை நோயாளி கையிலிருந்து போகும், அப்புறம் கம்பெனியும் பங்கு போட்டுக்கொள்ளும். நோயாளியின் செலவு ஓர் உச்சவரம்பைத் தொட்டதும், ஒப்பந்த ஆஸ்பத்திரிகளில் பாலிசிக்குள் வருகிற சிகிச்சைக்கு மிச்ச வருடம் முழுக்க கம்பெனிதான் கட்ட வேண்டும். 2025-ல் அந்த உச்சவரம்பு ஒரு ஆளுக்கு அதிகபட்சம் 9,200 டாலர். நம் ஊர் மாதிரி ‘இவ்வளவுக்கு மேல் தர மாட்டோம்’ என்று கம்பெனி கைவிரிப்பதை, அத்தியாவசியச் சிகிச்சைகளில் 2010-ல் வந்த சட்டம் தடுத்துவிட்டது. ஆக, ‘அப்பா லிமிட்டைத் தாண்டிட்டார்’ என்றதும் உங்கள் சகாக்களுக்கு அது ஒரு நல்ல செய்தியாகக் கேட்டிருக்கும். டாக்டரும் நல்ல செய்தி சொல்கிறார், மகனும் நல்ல செய்தி சொல்கிறான். இதில் எங்கே சிரிப்பது?

இங்கிலாந்துக்காரரிடம் சொல்லியிருந்தாலும் இதே கதிதான். 1948-லிருந்து அங்கே சிகிச்சைச் செலவு அரசாங்கத்துடையது. அவர்கள் கிண்டல் செய்வது ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் வரிசையை. ஆஸ்பத்திரி பார்க்கிங் கட்டணத்தைப் பற்றியும் புலம்புவார்கள். தி.நகர்க்காரர்களுக்கு இது புரியும்.

எந்த ஊரிலும் எடுபடுகிற ஜோக்கும் உண்டு. பழைய சமஸ்கிருத சுலோகம் ஒன்று வைத்தியரை ‘எமனின் சகோதரரே, வணக்கம்’ என்று கும்பிட்டுவிட்டு, எமன் உயிரை மட்டும்தான் எடுக்கிறான், நீரோ உயிரோடு பணத்தையும் எடுக்கிறீர் என்கிறது. வைத்தியர் கையிலேயே பணத்தைக் கொடுத்த காலம் அது. வாங்கியவர் எதிரே இருந்தார், அவரையே கிண்டல் செய்தார்கள். நம் வார இதழ்களின் டாக்டர் ஜோக்குகளும் அந்த வம்சம்தான். தெருமுனை கிளினிக்குக்கு இன்றும் பொருந்தும். பெரிய ஆஸ்பத்திரியில் பணம் வாங்குவது கவுன்ட்டர், தீர்ப்புச் சொல்வது இன்ஷூரன்ஸ் டெஸ்க். காலையில் டிஸ்சார்ஜ் எழுதிய டாக்டர் வீட்டுக்குப் போய்விடுவார், குணமான நோயாளி அப்ரூவலுக்காகச் சாயங்காலம் வரை கட்டிலில் கிடப்பார். மூன்று மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-ல் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டிருக்கிறது. நம் எழுத்தாளர்கள் இன்னும் நர்ஸையும் போலி டாக்டரையும் விட்டு இந்த டெஸ்க்குக்கு வந்து சேரவில்லை என்பது என் குறை.

இன்னொன்று. வியாசர்பாடியில் ‘ரெண்டு ரூபா டாக்டர்’ என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். 2020-ல் காலமான டாக்டர் திருவேங்கடத்தை ஜனங்கள் அப்படித்தான் சொன்னார்கள். பின்னாளில் ஃபீஸை ஏற்றி ஐந்து ரூபாய் ஆக்கினார். இதை உங்கள் சகாக்களிடம் சொல்லிப் பாருங்கள், கடைசி வரி எப்போது வரும் என்று காத்திருப்பார்கள்.

மறுபடி ஜோக் சொல்லும் ஆசை இருந்தால் டிசம்பரில் சொல்லுங்கள். அமெரிக்காவில் பெரும்பாலான பாலிசிகளின் கணக்கு ஜனவரி 1 அன்று மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால் உச்சவரம்பைத் தொட்டவர்கள் முழங்கால், தோள்பட்டை என்று தள்ளிப்போட்ட ஆபரேஷன்களை வருடம் முடிவதற்குள் செய்துகொள்ளப் பார்ப்பார்கள். ‘எங்க ஊரில் டிசம்பர் முழுக்கக் கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்காது, உங்க ஊரில் ஆபரேஷன் தியேட்டருக்கா?’ என்று கேளுங்கள். சிரிக்கிறார்களா என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.