சபைக் கமிட்டிக்கு அவசரப்படாதீர்கள், தம்பி

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து ஃபிரெடெரிக்கில் வீடு எடுத்திருக்கிறோம், ஊரில் நாங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), இங்கே எந்தச் சபைக்குப் போவது, தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடும் தமிழ் ஐக்கியத்தில் வந்ததும் வராததுமாகப் பொருளாளர் பொறுப்பு தருகிறார்கள், எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கார் இன்சூரன்ஸ், பள்ளிக்கூடம், ஜாக்கெட். ஜாக்கெட் நல்லதாக ஒன்று போதும், இன்சூரன்ஸுக்கு நாலு இடத்தில் விலை கேளுங்கள், பள்ளிக்கூடம் வீட்டு விலாசத்தைப் பொறுத்து அதுவாகவே அமையும். அந்தப் பொறுப்பு விஷயத்துக்குத்தான் நான் பதில் சொல்ல வந்தேன்.

எந்தச் சபை என்பதில் பெரிய குழப்பம் வேண்டாம். நான் ராயப்பேட்டை வெஸ்லி சபைப் பிள்ளை. 1947ல் சிஎஸ்ஐ ஆனபோது அதில் இணைந்தவர்களில் ஜான் வெஸ்லி வழிவந்த நம் வெஸ்லியன் மெதடிஸ்டுகளும் உண்டு, அதனால் இங்கே மெதடிஸ்ட் ஆலயத்துக்குள் நுழைந்தபோது எனக்கு அந்நியமாகப் படவில்லை. 1817ல் யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னைக்கு வந்து நம் பக்கம் மெதடிஸ்ட் ஊழியத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் லிஞ்ச் ஓர் ஐரிஷ்காரர். நீங்கள் இப்போது இருக்கும் வட்டாரத்தில் மெதடிசத்தைத் தொடங்கியவரும் ஐரிஷ்காரர்தான், ராபர்ட் ஸ்ட்ராபிரிட்ஜ்.

இவர் அயர்லாந்தில் லீட்ரிம் கவுண்டி டிரம்ஸ்னாக்காரர், விவசாயக் குடும்பம். 1760 வாக்கில் கப்பலேறி வந்து, அன்றைக்கு ஃபிரெடெரிக் கவுண்டியில் இருந்த சாம்ஸ் கிரீக் ஓரமாகக் குடியேறினார். நிலத்தை உழுதுகொண்டே வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தினார், பிறகு மரக்கட்டைகளை அடுக்கி ஒரு கூட்ட வீடு கட்டினார். கதவுக்கும் ஜன்னலுக்கும் கட்டையை அறுத்து ஓட்டை விட்டதோடு சரி, கதவும் போடவில்லை, ஜன்னலும் வைக்கவில்லை, தரையும் மண்தான். அவருடைய இரண்டு பிள்ளைகளை அந்தப் பிரசங்க மேடைக்கு அடியில்தான் அடக்கம் செய்தார்கள் என்கிறார்கள். அந்தக் கட்டடத்தைக் கடைசிவரை முடிக்கவே இல்லையாம். முடிக்க ஆள் எங்கே இருந்தார்? குதிரையில் மேரிலாந்து, வர்ஜீனியா, பென்சில்வேனியா என்று ஊர் ஊராகப் பிரசங்கம் பண்ணப் போய்விட்டார். வயலைப் பார்த்தது அக்கம்பக்கத்துக்காரர்கள், வீட்டைப் பார்த்தது அவர் மனைவி எலிசபெத்.

எல்லாரும் ராபர்ட்டைத்தான் பேசுவார்கள், எனக்கு இந்த அம்மாள்தான் முக்கியம். ஜான் எவன்ஸ் என்று ஒரு பக்கத்து விவசாயி, அவர்கள் நிலத்தில் வேலைக்குக் கைகொடுக்க வந்தவர். அவரிடம் பேசிப் பேசியே விசுவாசத்துக்குள் கொண்டுவந்தது எலிசபெத் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். கணவர் ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோது, வீட்டில் இருந்துகொண்டே!

அவ்வளவு உழைத்த ராபர்ட்டுக்குக் கடைசியில் என்ன மரியாதை தெரியுமா? குருப்பட்டம் இல்லாதவர் ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுக்கக் கூடாது என்று 1773ல் பிலடெல்பியாவில் கூடிய அமெரிக்க மெதடிஸ்டுகளின் முதல் மாநாட்டில் விதி போட்டார்கள். மனிதர் அசையவில்லை, ஜனங்களுக்குத் தேவை, நான் கொடுப்பேன் என்று கொடுத்துக்கொண்டே இருந்தார். 1781ல் அவர் இறந்தபோது, பின்னால் பிஷப்பான பிரான்சிஸ் ஆஸ்பரி, கர்த்தர் நியாயத்தீர்ப்பாகவே இவரை எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது என்ற தொனியில் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கடல் தாண்டி வந்து காட்டில் சபை கட்டியவனுக்குக் கிடைத்த பாராட்டு அது. நம் ஊர் டிகிரியை மேஜையில் வைத்துவிட்டு, இது இங்கே செல்லாது என்று சொல்லக் கேட்டவர்களுக்கு அந்த வலி புரியும்.

அந்தத் தமிழ் ஐக்கியத்துக்கு வருகிறேன். எங்கள் காலத்திலும் ஒன்று இருந்தது, பேர் வேண்டாம். ஆராதனை நடந்ததைவிட யார் ஜெபத்தை முடிப்பது, யார் சாம்பார் கொண்டுவருவது என்ற பஞ்சாயத்துதான் அதிகம், உடைந்து மூன்றாகி, மூன்றிலும் பொருளாளர் உண்டு. பால்டிமோரைத் தாண்டிப் போய்த் தமிழ்ப் பிரசங்கம் கேட்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் பேர் கேட்டால் தெரியாது. என் வீட்டுக்காரர் அங்கே பாடகர் குழுவில் இருந்தார். ஒரு பனிப்புயல் ராத்திரி ஹீட்டர் நின்றுவிட்டது, கைக்குழந்தையோடு நான், அவர் பயிற்சிக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் மண்வாரியோடு வந்து வாசலைத் திறந்துவிட்டு, கீழே போய் ஹீட்டரையும் தட்டிக்கொட்டி ஓடவைத்துவிட்டு, ஒரு காபிகூடக் குடிக்காமல் போனார். அந்தக் குளிர்காலம் முடிந்ததும் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன், இப்போது பனியில் என் வீட்டுக்காரரைவிட நான்தான் நன்றாக ஓட்டுவேன், கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஸ்ட்ராபிரிட்ஜ் வீடு நியூ வின்ட்சர் பக்கம் இன்னும் இருக்கிறது, உங்களுக்குக் கிட்டத்தில்தான், ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். முதலில் தெருவில் நாலு பேரைப் பழக்கம் பிடியுங்கள், உங்கள் மனைவி லைசென்ஸ் எடுக்கட்டும், அப்புறம் பொருளாளராகுங்கள், செயலாளராகுங்கள், என்னவோ ஆகுங்கள்.