முழங்கால் தேய்மானம் உள்ள அம்மாவை ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குக் கூட்டிப் போகலாமா?

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இது: ஊரிலிருந்து அமெரிக்கா வந்திருக்கும் அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் தேய்மானம். வீட்டுக்குள் தடியில்லாமல் நடப்பார், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. பேரப்பிள்ளைகளோடு டிஸ்னி வேர்ல்டுக்குக் கூட்டிப் போகலாமா, வீல்சேர் தேவையா, வரிசையில் சலுகை உண்டா?

தாராளமாகக் கூட்டிப் போகலாம். வீல்சேர் கட்டாயம் தேவை. முட்டிவலிக்காக வரிசைச் சலுகை கிடைக்காது. ஆனால் இந்த மூன்றையும்விட முக்கியமான ஒன்று கேள்வியில் இல்லை: அம்மாவால் ஒரு நாளில் எத்தனை முறை தாழ்வான இருக்கையில் உட்கார்ந்து எழ முடியும்? எவ்வளவு தூரம் நடப்பார் என்பதை வைத்தே எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். தூரத்தை வீல்சேர் பார்த்துக்கொள்ளும். அதிலிருந்து எழுந்து, படகுக்குள் கால் வைத்து இறங்கி, முட்டியை மடக்கி உட்கார்ந்து, ரைடு முடிந்ததும் அந்தப் பள்ளத்திலிருந்து மறுபடி எழுவதுதான் முழங்காலைப் படுத்தும். சாயங்காலம் நாலு மணிக்கு "இனி என்னால ஆகாதுப்பா" என்று அம்மா சொன்னால், பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் சோதித்துவிடுங்கள். முட்டி உயரத்தைவிடத் தாழ்வான ஸ்டூலோ சோபாவோ போதும். கையை ஊன்றிக்கொண்டு ஐந்து முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். ஐந்தும் சிரமமில்லாமல் வந்தால் ஒரு நாளைக்கு நான்கு ரைடு வரை திட்டமிடலாம். மூன்றாவது முறையே பிடிமானம் தேடினால், வீல்சேரைவிட்டு இறங்கத் தேவையில்லாத ரைடுகளாக மட்டும் பொறுக்குங்கள். அப்படிப்பட்டவையே ஒரு நாளை நிரப்பும் அளவுக்கு இருக்கின்றன.

ஒவ்வொரு ரைடுக்கும் வீல்சேரில் வருபவர் என்ன செய்ய வேண்டும் என்று டிஸ்னி வகைப்படுத்தியிருக்கிறது. தளத்திலும் ஆப்பிலும் ஒவ்வொரு ரைடின் பக்கத்திலும் அது இருக்கும். டிஸ்னி வேர்ல்டில் மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பார்க்குகள். வீல்சேரிலேயே இருக்கலாம் என்பது முதல் வகை. மேஜிக் கிங்டமில் இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டுக்கு வீல்சேர் ஏறும் தனிப் படகு உண்டு. ஜங்கிள் க்ரூஸில் லிஃப்ட் பொருத்திய படகு உண்டு, ஆனால் அது சுற்றி வரும்வரை கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். கரோசல் ஆஃப் ப்ராக்ரஸ் இருபது நிமிடத்துக்குக் குளிர்சாதன அரங்கில் உட்கார்ந்து பார்ப்பது. மதிய வெயிலுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. எப்காட்டில் லிவிங் வித் த லேண்ட், ஹாலிவுட் ஸ்டூடியோஸில் டாய் ஸ்டோரி மேனியா, அனிமல் கிங்டமில் ஃபெஸ்டிவல் ஆஃப் த லயன் கிங் நிகழ்ச்சி எல்லாம் இந்த வகைதான். கிளிமஞ்சாரோ சஃபாரிஸிலும் வீல்சேரோடு ஏறலாம். ஆனால் வண்டி நன்றாகக் குலுங்கும், இடுப்புவலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.

வீல்சேரிலிருந்து ரைடு இருக்கைக்கு மாறியாக வேண்டும் என்பது இரண்டாவது வகை. பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன் நல்ல உதாரணம்: படகின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும், வெளியே வரும்போது ஏற வேண்டும். மூன்றாவது வகைக்குத் தானாக நடக்கத் தெரிந்திருக்க வேண்டும். பீட்டர் பான்ஸ் ஃப்ளைட் பார்க்கக் குழந்தைகள் ரைடு போலத் தோன்றும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பட்டையில் நடந்தபடியே ஏற வேண்டும், அந்தப் பட்டையை நிறுத்த மாட்டார்கள். பீப்பிள்மூவரும் அப்படித்தான்: ஏறுவதற்கே சரிவான நகரும் பாதையில் மேலே போக வேண்டும். ஹான்டட் மேன்ஷனிலும் நகரும் பட்டைதான். அங்கே ஊழியரிடம் முன்கூட்டியே சொன்னால் வேகத்தைக் குறைப்பார்கள். ஃப்ளைட் ஆஃப் பாஸேஜில் மோட்டார் சைக்கிளில் உட்காருவதுபோல முன்னால் சாய்ந்து கால்களைப் பின்னால் மடக்க வேண்டும், பின்னாலிருந்து பட்டை அழுத்தும். முட்டி தேய்ந்தவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். அம்மா அதில் ஆசைப்பட்டால், உட்கார்ந்து பார்க்க ஒரு சோதனை இருக்கை இருக்கிறது, கேளுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊழியர்கள் யாரையும் தூக்கி உட்காரவைக்க மாட்டார்கள், அவர்களுக்கு அனுமதி இல்லை. கை கொடுத்து மாற்றிவிடுவது முழுக்க வீட்டார் பொறுப்பு. அதனால் அதை வீட்டிலேயே பழகுங்கள். முதலில் வீல்சேரை ரைடு இருக்கைக்குச் சற்றுச் சாய்வாக, அம்மாவின் நல்ல கால் இருக்கையை ஒட்டி வரும்படி நிறுத்துங்கள். இரண்டு பிரேக்கையும் போடுங்கள். பிறகு கால்தட்டுகள் இரண்டையும் மடக்கி மேலே தூக்குங்கள். பலர் விடுவது இதைத்தான். கால்தட்டில் பாதம் இருக்கும்போதே எழ முயன்றால் மொத்த எடையும் அதன்மேல் இறங்கி, நாற்காலி முன்பக்கமாகக் கவிழும். பாதம் இரண்டும் தரையில் பதிந்தபின் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, உடலை முன்னால் சாய்த்து, கைப்பிடியை ஊன்றித் தானே எழட்டும். நீங்கள் அக்குளில் கைவைத்துத் தூக்கக் கூடாது, தோள்மூட்டு போய்விடும். இடுப்பில் கட்டும் நடைப்பட்டை (கெய்ட் பெல்ட்) மருந்துக் கடைகளில் கிடைக்கும், அதைப் பிடித்துக்கொண்டு தாங்கலாய் நின்றால் போதும். இன்னொன்று, வீல்சேரின் பின்கைப்பிடியில் தண்ணீரும் சாப்பாடும் நிறைந்த பையை மாட்டியிருப்பீர்கள். அம்மா எழுந்த நொடியே முன்பக்க எடை போய்விடுவதால் நாற்காலி பின்னால் சாய்ந்து விழும். பையை முதலில் கழற்றுங்கள்.

எந்த வீல்சேர்? பார்க்குக்குள் சுமார் 12 டாலருக்கு ஒரு நாள் வாடகைக்குத் தருவார்கள். ஆனால் அதைப் பார்க்குக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசல்வரை, இரவில் வாசலிலிருந்து கார்வரை, ஹோட்டல் வராந்தாவில் எல்லாம் அம்மா நடந்தாக வேண்டும். களைத்துப்போன இரவில் வரும் அந்தக் கடைசி நடைதான் மோசமானது. ஆகவே வெளியில் வாடகைக்கு எடுப்பதோ, விலைக்கு வாங்கிவிடுவதோ மேல். வாங்கும்போது, நான்கு சக்கரமும் சின்னதாக இருக்கும் மடக்கு நாற்காலி எடை குறைவு என்று ஆசைப்படாதீர்கள். பின்சக்கரம் பெரிதாக இருந்தால்தான் மோனோரயில் இடைவெளி, பாதையின் வெடிப்பு, மேடு எல்லாவற்றையும் தாண்டும். உட்காருமிடம் வெறும் துணிதான், ஒரு குஷன் போடுங்கள்.

மின்சார ஸ்கூட்டரும் வாடகைக்கு உண்டு. பார்க்கில் முன்பதிவு கிடையாது, கூட்ட நாளில் காலையிலேயே தீர்ந்துவிடும். அம்மாவோ அப்பாவோ ஊரில் டூவீலர் ஓட்டியவர்களாக இருந்தால் "இதென்ன பெரிய விஷயம்" என்பார்கள், ஆபத்தே அவர்களுக்குத்தான். டூவீலரில் பதறினால் கை பிரேக் லிவரை இறுக்கும், வண்டி நிற்கும். இந்த ஸ்கூட்டரில் லிவரை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். பதற்றத்தில் இறுக்கினால் முன்னால் போகிறவரின் குதிகாலில் ஏறிவிடும். கூட்டமில்லாத இடத்தில் அரைமணி நேரம் பழகி, வேகக் குமிழை ஆமைப் படத்தின் பக்கமே வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. அதோடு, சில ரைடுகளில் ஸ்கூட்டரிலிருந்து சாதாரண வீல்சேருக்கு மாறியபின்தான் உள்ளே விடுவார்கள். எழுந்து உட்காரும் கணக்கில் அது ஒன்று கூடும்.

நான்கு பார்க்குகளில் மேஜிக் கிங்டமுக்குத்தான் போய்ச் சேருவது சிரமம். காரை வாசலருகே நிறுத்த முடியாது. ஏரிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டுப் படகிலோ மோனோரயிலிலோ அக்கரைக்குப் போக வேண்டும். வீல்சேருக்குப் படகுதான் சுலபம், கீழ்த்தளத்தில் நேராக உருட்டிப் போகலாம். மோனோரயிலுக்கு நீளமான சரிவில் தள்ளிக்கொண்டு ஏற வேண்டும். டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் பேருந்து வாசலருகே இறக்கிவிடும், அதில் வீல்சேருக்குச் சரிவுப் பலகையும் இடமும் உண்டு.

உள்ளே நுழைந்ததும் வரும் மெயின் ஸ்ட்ரீட் என்ற தெருவில் குதிரை டிராம் தண்டவாளம் பதித்திருக்கிறது. வீல்சேரின் முன்பக்கச் சின்னச் சக்கரம் அந்தப் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும். கோட்டையைப் பார்த்துக்கொண்டே தண்டவாளத்தை ஒட்டித் தள்ளினால் சக்கரம் இறங்கிச் சட்டென்று நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் போய் விழுவார். தண்டவாளத்தை எப்போதும் நேர்குறுக்காகக் கடந்து செல்லுங்கள். செங்குத்தான சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, நீங்கள் பின்னோக்கி நடந்து இறக்குங்கள். எப்காட்டில் ஏரியைச் சுற்றி நாடுகளின் அரங்குகள் இருக்கும் பாதை மட்டுமே இரண்டு கிலோமீட்டர். தள்ளுகிறவர்கள் முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது வரிசை. டிஏஎஸ் (டிஸ்எபிலிட்டி ஆக்செஸ் சர்வீஸ்) என்ற வரிசைச் சலுகையைப் பற்றிப் பழைய பதிவுகளில் படித்திருப்பீர்கள். 2024 மே மாதத்திலிருந்து அது ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு என்று சுருக்கப்பட்டுவிட்டது. முட்டிவலிக்கு அது கிடையாது. வீல்சேர் இருந்தால் பெரும்பாலும் சாதாரண வரிசையிலேயே உட்கார்ந்தபடி நகர வேண்டியதுதான். மேஜிக் கிங்டமில் சில பழைய ரைடுகளின் வரிசை குறுகல். அங்கே இப்போது எவ்வளவு காத்திருப்போ அந்த நேரத்தைக் கணக்கிட்டுப் பிறகு வரச் சொல்வார்கள். இதனால் காத்திருப்பு குறையாது, காத்திருக்கும் இடம்தான் மாறும். உண்மையில் நேரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் லைட்னிங் லேன் என்ற தனி வரிசையைப் பணம் கொடுத்து வாங்குவதுதான் வழி. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் 7 நாள் முன்பும் மற்றவர்கள் 3 நாள் முன்பும் பதியலாம். அம்மா ஏறப்போகும் ரைடுகளுக்கு மட்டும் முதலில் பதியுங்கள். குழந்தைகளின் ரோலர்கோஸ்டருக்கு அப்பா வரிசையில் நிற்கட்டும்.

சேலை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முந்தானை பக்கவாட்டில் தொங்கினால் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், கொசுவம் முன்சக்கரத்தில் மாட்டும். சுடிதார் போட மனமிருந்தால் நல்லது. இல்லையென்றால் முந்தானையை இடுப்பில் செருகி, கொசுவத்தில் ஊக்குக் குத்தி, மடியில் ஒரு துண்டை இறுக்கமாகப் போட்டுவிடுங்கள். செருப்பும் அப்படித்தான்: குதிகால் பிடிப்பு இல்லாத செருப்பு நழுவி, பாதம் கால்தட்டிலிருந்து விழுந்து நாற்காலிக்கு அடியில் போய்விடும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கு அடிபட்டதே தெரியாது. பின்பட்டை உள்ள செருப்போ கேன்வாஸ் ஷூவோ போடச் சொல்லுங்கள்.

மகன் மட்டும் அம்மாவோடு இருக்கும் நேரத்தில் கழிவறை பெரிய சங்கடம். துணைக்கு ஒருவர் சேர்ந்து போகக்கூடிய தனிக் கழிவறைகள் ஒவ்வொரு பார்க்கிலும் உண்டு, வரைபடத்தில் குறித்திருப்பார்கள். காலையிலேயே இரண்டு மூன்றைப் பார்த்து வைத்துவிடுங்கள். கழிவறை தேடி அலைய நேருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் அம்மாக்கள் அதிகம், ஃபுளோரிடா வெயிலில் அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். ஒவ்வொரு பார்க்கிலும் முதலுதவி மையம் உண்டு. இன்சுலினைக் குளிர்பெட்டியில் வைத்துத் தருவார்கள், சற்று நேரம் படுக்கவும் இடம் தருவார்கள். மேஜிக் கிங்டமில் அது கிரிஸ்டல் பேலஸ் உணவகத்தை ஒட்டி இருக்கிறது. சாப்பாடு வீட்டிலிருந்து கொண்டுபோகத் தடை இல்லை. கண்ணாடிப் பாத்திரம் கூடாது. தயிர்சாதத்தை பிளாஸ்டிக் டப்பாவில் ஐஸ் பேக்கோடு எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டர் உணவகங்களில் ஐஸ் தண்ணீர் இலவசம்.

ஜூனிலிருந்து செப்டம்பர்வரை பிற்பகலில் இடியோடு மழை சகஜம், மின்னல் வந்தால் வெளியிலிருக்கும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். தேதி உங்கள் கையில் இருந்தால் ஜனவரி கடைசியோ பிப்ரவரியோ நல்லது. எந்த மாதமானாலும் திறக்கும் நேரத்தில் போய், ஒரு மணிக்கு ஹோட்டலுக்குத் திரும்பி, கால்களைத் தலையணைமேல் தூக்கிவைத்துப் படுத்துவிட்டு, ஐந்து மணிக்கு மறுபடி வாருங்கள். நாள் முழுக்கத் தொங்கவிட்ட கால் வீங்கும், வீங்கிய முட்டி மடங்காது.

அம்மா "நான் என்ன நோயாளியா, வீல்சேர்லாம் வேண்டாம்" என்பார். வாதாட வேண்டாம், "எவ்வளவு முடியுதோ நடங்கம்மா, முடியாதப்ப உட்காருங்க" என்று காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வாருங்கள். ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டர் தாண்டும் இடம் அது, கொஞ்ச நேரத்தில் அவரே உட்கார்ந்துவிடுவார்.

இரவு வாணவேடிக்கை பார்ப்பதாக இருந்தால், முடிந்த கையோடு வாசலுக்குக் கிளம்பாதீர்கள். அத்தனை கூட்டமும் ஒரே தெருவழியாக வெளியேறும். இருட்டில் உட்கார்ந்திருப்பவரை யாரும் கவனிக்க மாட்டார்கள், கால்தட்டு முன்னால் போகிறவர் காலில் இடிக்கும், குழந்தைகள் மேலே வந்து விழுவார்கள். மெயின் ஸ்ட்ரீட் கடைகள் அதன்பிறகும் திறந்திருக்கும். உள்ளே முக்கால் மணி நேரம் இருந்து, அம்மாவைக் கழிவறைக்கும் கூட்டிப்போய்விட்டு, கூட்டம் வடிந்தபின் படகுக்குப் போங்கள்.