‘யாருக்கும் தெரியாது’ என்பது உண்மையல்ல

கேள்வி: அமெரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகள் லட்சக்கணக்கில் பெருகி, பெரிய நிறுவனங்களே திவாலாகிவிட்டன. அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாத ஆபத்துக்குப் பிற்காலத்தில் நஷ்டஈடு கேட்பது நியாயமா? மற்ற தொழில்களுக்கு இதில் என்ன பாடம்?

பதில்: ‘யாருக்கும் தெரியாத’ என்கிறீர்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலைக் கெடுக்கிறது என்று பிரிட்டிஷ் அரசின் ஆய்வறிக்கை 1930-லேயே சொல்லிவிட்டது. மறு வருடமே அங்கு தூசிக் கட்டுப்பாட்டு விதிகளும் வந்தன.

1935-ல், அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கென்றே வந்துகொண்டிருந்த ஒரு பத்திரிகை, இந்த நுரையீரல் நோயைப் பற்றி எழுதலாமா என்று ஓர் ஆஸ்பெஸ்டாஸ் நிறுவனத்தின் தலைவரிடம் அனுமதி கேட்டது. முன்பு கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றீர்கள், நாங்களும் அப்படியே நடந்துகொண்டோம் என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. தலைவர் அதை வைத்து, இன்னொரு பெரிய ஆஸ்பெஸ்டாஸ் தயாரிப்பாளரான ஜான்ஸ்-மான்வில் நிறுவனத்தின் வக்கீலுக்கு எழுதினார்: “ஆஸ்பெஸ்டாஸ் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ, அவ்வளவுக்கு நமக்கு நல்லது.” நானும் ஒரு பத்திரிகை ஆசிரியன். மற்ற எல்லாவற்றையும்விட அந்தப் பத்திரிகையின் பணிவுதான் என் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது.

அடுத்த வருடம், 1936-ல், போரல் என்ற தொழிலாளி டெக்சாஸ் பக்கம் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் உறை போடும் வேலையில் சேர்ந்தார். சாயங்காலமானால் மூக்கிலிருந்து கை கையாகத் தூசியைச் சிந்தி எடுப்பாராம். தொண்டைக்குள் போகாமலிருக்க மூக்கில் களிம்பு தடவிப் பார்த்திருக்கிறார். சுமார் 33 வருடம் அப்படி உழைத்தவர், ஆஸ்பெஸ்டாஸ் தயாரிப்பாளர்கள்மேல் வழக்குப் போட்டார்; தீர்ப்பைப் பார்க்காமலே 1970-ல் புற்றுநோயில் இறந்தார். எச்சரிக்காமல் விற்றது தயாரிப்பாளரின் குற்றமே என்று 1973-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. வழக்குகளுக்கு மடை திறந்தது அங்கேதான்.

தூசியைச் சுவாசித்து 20, 30, 40 வருடம் கழித்துத்தான் இந்த நோய் தலைகாட்டும். அதனால் ஒரு தலைமுறை மூடி வைத்தது அடுத்த தலைமுறையில் மொத்தமாக வெடித்தது. ஜான்ஸ்-மான்வில் 1982-ல் திவால் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்திடம் பாதுகாப்பு கேட்டபோது அதன்மேல் சுமார் 16,500 வழக்குகள் இருந்தன. 2002 வரை நஷ்டஈடு கேட்டவர்கள் சுமார் 7,30,000 பேர், செலவு 7,000 கோடி டாலர் என்பது ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. அதில் பாதிகூட பாதிக்கப்பட்டவர் கைக்குப் போகவில்லை. மீதியை வக்கீல் கட்டணமும் இதர செலவுகளும் தின்றுவிட்டன. நோய் முற்றாதவர்களும் கூட்டத்தோடு வழக்குப் போட்டார்கள். அந்தக் குறையை நான் மறைக்கவில்லை.

பாடம் கேட்டீர்கள். 1949-ல் ஜான்ஸ்-மான்வில் நிறுவனத்தின் மருத்துவரே, எக்ஸ்ரேயில் கோளாறு தெரிந்தாலும் உடம்பு முடங்காதவரை தொழிலாளியிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதி வைத்தார். எந்தத் தொழிற்சாலையானாலும், தொழிலாளியின் எக்ஸ்ரேயை முதலில் அவன் கையில் கொடுங்கள். வக்கீலிடம் பிறகு காட்டிக்கொள்ளலாம்.