கோல்ஃப் கேள்வி–பதில்: வசப்படாத ஸ்விங்

கேள்வி: பணியில் இருந்த நாள்களிலிருந்தே கோல்ஃப் ஆடி வருகிறேன். டிரைவரை (நெடுந்தூரம் அடிக்கும் மட்டை) எடுத்தால் போதும், பந்து வலப்புறமாக வளைந்து மரங்களுக்குள் போய்விடுகிறது. அதற்காக இடப்புறமாகக் குறிவைத்தால் முன்னைவிட மோசமாக வளைகிறது. பயிற்சிக்குக் குறைவில்லை, பலன்தான் இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இது ஸ்லைஸ். வலக்கை ஆட்டக்காரர்களில் கணிசமானோரை ஆயுள் முழுவதும் துரத்துகிற தொல்லை. பந்தைத் தொடும் கணத்தில், மட்டை செல்லும் பாதையோடு ஒப்பிட அதன் முகம் (பந்தில் படும் பரப்பு) வலப்புறமாகத் திறந்திருந்தால் பந்து வலப்புறம் வளையும். பந்து எந்தத் திசையில் புறப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் முகம் தீர்மானிக்கிறது. எவ்வளவு வளைகிறது என்பதை முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வேறுபாடு தீர்மானிக்கிறது. இடப்புறம் குறிவைத்து மட்டையையும் இடப்புறமாக இழுக்கும்போது பாதை மட்டுமே திரும்புகிறது, முகம் திறந்தபடியே இருக்கிறது. வேறுபாடு கூடுவதால் வளைவும் கூடுகிறது. திருத்துவதாக நினைத்துக்கொண்டு பிழைக்கே தீனி போட்டு வந்திருக்கிறீர்கள். டிரைவரில் இது பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், அதன் முகத்தில் சாய்வு குறைவு என்பதுதான். சாய்வு மிகுந்த குட்டை அயர்ன் மட்டைகளில் பின்சுழற்சி அதிகமாக இருப்பதால் பக்கவாட்டு வளைவு அதில் அடங்கிவிடுகிறது.

தோளையும் இடுப்பையும் ஆராய்வதற்கு முன் இடக்கைப் பிடியைப் பாருங்கள். பந்தருகே நின்று கீழே பார்க்கும்போது, கையுறை அணிந்த கையின் விரல் மூட்டுகளில் குறைந்தது இரண்டு தெளிவாகக் கண்ணில் பட வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தால் கை அளவுக்கு மீறி இடப்புறம் சுழன்றிருக்கிறது என்று பொருள். அப்படிப் பிடித்தால் முகம் திறந்துதான் வரும். மட்டையின் பிடி உள்ளங்கைக்குக் குறுக்கே கிடக்காமல் விரல்களின் அடிப்பகுதியில் படிந்திருக்க வேண்டும். மாற்றிப் பிடித்த முதல் சில வாரங்கள் கை உங்களுடையதல்ல என்று தோன்றும், பந்தும் சில சமயம் இடப்புறமாகப் பாயும். பயந்து பழைய பிடிக்குத் திரும்பிவிடாதீர்கள். முகம் மூடத் தொடங்கியிருக்கிறது என்பதற்கு அதுதான் அறிகுறி.

கூடவே ஓர் எச்சரிக்கை. அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகனின் பிடியைப் பின்பற்றச் சொல்லும் அறிவுரைகள் இன்றும் ஏராளமாக உலவுகின்றன. ஹோகனை இளமையில் வாட்டியது ஹூக், அதாவது பந்து இடப்புறம் வளைந்து விழும் நேரெதிர்க் கோளாறு. அதைக் கட்டுப்படுத்தவே அவர் இடக்கையை இடப்புறமாகத் திருப்பிப் பிடித்தார். அவரைக் காப்பாற்றிய மருந்து ஸ்லைஸ்காரருக்கு நஞ்சு. எந்த அறிவுரையைக் கேட்டாலும், அது எந்த நோய்க்கு எழுதப்பட்ட சீட்டு என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: கோடையில் ஊட்டி ஜிம்கானா மைதானத்தில் ஆடியபோது என் பந்து நேராகவும் நெடுந்தூரமும் சென்றது. ஊர் திரும்பியதும் பழைய வளைவு வந்துவிட்டது. மலையில் என் ஸ்விங் (மட்டை வீச்சு) திருந்தியிருந்ததா?
– வாசகர், சென்னை

பதில்: திருந்தியது காற்றுதான். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. காற்றின் தடை குறைவதால் பந்து தூரம் போகிறது. சுழலும் பந்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசையும் குறைவதால் வளைவு சுருங்குகிறது. குளிர்ந்த மலையில் கிடைத்த அந்த மகிழ்ச்சியை அனுபவியுங்கள், ஆனால் அதை நம்பிப் புது டிரைவர் வாங்க வேண்டாம்.

கேள்வி: வெற்றியின் உச்சியில் இருந்த டைகர் வுட்ஸ் தம் ஸ்விங்கை ஏன் மாற்றினார்? நாமும் அடியோடு மாற்றலாமா?
– வாசகி, கொழும்பு

பதில்: 1997இல் தம் 21ஆம் வயதில் மாஸ்டர்ஸ் போட்டியை இரண்டாம் இடத்தவரைவிட 12 அடிகள் (ஸ்ட்ரோக்) குறைவாக எடுத்து வென்ற பிறகு, தம் ஸ்விங்கைக் காணொளியில் பார்த்த வுட்ஸுக்கு அதில் குறைகளே கண்ணில் பட்டன. பயிற்சியாளர் புட்ச் ஹார்மனுடன் அதை மாற்றி அமைக்கத் தொடங்கினார். 1998இல் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரில் அவருக்குக் கிடைத்தது ஒரே வெற்றி. ஆளின் கதை முடிந்தது என்று பேசியவர்களும் உண்டு. 2000இல் பெபிள் பீச்சில் அமெரிக்க ஓப்பனை 15 அடி வித்தியாசத்தில் வென்றார். அவருக்கு முன்பே இங்கிலாந்தின் நிக் ஃபால்டோ, டேவிட் லெட்பெட்டரிடம் சென்று ஸ்விங்கைப் பிரித்துப் போட்டுக் கட்டினார்; இடையில் வெற்றிகள் வறண்டன. 1987இல் மியூர்ஃபீல்டில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசிச் சுற்றில் 18 குழிகளிலும் பார், அதாவது குழிக்கு வகுத்த அடிகளின் எண்ணிக்கையையே, எடுத்து வென்றார்.

இவர்களுக்கு அதுதான் தொழில். நாள் முழுவதும் பந்தடிக்க நேரமும், அருகிலேயே ஒரு பயிற்சியாளரின் கண்ணும் இருந்தன. வாரம் ஒரு முறை ஆடுகிறவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஜிம் ஃபியூரிக்கின் ஸ்விங்கைப் பாருங்கள்: மேலே போகும் மட்டை ஒரு சுழி சுழன்று வேறு வழியாக இறங்குகிறது. தந்தையிடம் கற்ற அதை அவர் கைவிடவில்லை. 2003இல் அமெரிக்க ஓப்பனை வென்றார். 2016இல் ஒரு சுற்றை வெறும் 58 அடிகளில் முடித்தார். பந்தைத் தொடும் கணத்தில் முகம் சரியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் அழகு பற்றிய விவாதம்தான்.

மாற்றியே தீர வேண்டுமென்றால் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். மட்டை கீழிறங்குவது கால் நொடி அளவில் முடிந்துவிடுகிறது, பந்தோடு அது ஒட்டியிருப்பதோ ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் யோசித்துத் திருத்த எவராலும் இயலாது. ஆகையால் பாதி வேகத்தில், பந்தில்லாமலே பழகுங்கள். உடல் உணர்வதும் உண்மையில் நடப்பதும் ஒன்றல்ல என்பதால், கைப்பேசியை உங்களுக்குப் பின்னால், இலக்கை நோக்கிய கோட்டில், கை உயரத்தில் வைத்துப் படமெடுத்துப் பாருங்கள். உள்ளங்கால் வரை மாற்றியதாக நினைத்தது படத்தில் ஓர் அங்குலம்கூட அசைந்திருக்காது!

கேள்வி: எனக்கு வயது 61. தூரம் ஆண்டுதோறும் குறைகிறது. இனியும் முன்னேற வழியுண்டா?
– வாசகர், குன்னூர்

பதில்: தூரத்தில் கடினம், அடிகளின் எண்ணிக்கையில் தாராளமாக உண்டு. பார் 72 உள்ள மைதானத்தில் குழிக்கு இரண்டு பட் (பந்தைக் குழியை நோக்கி உருட்டும் அடி) என்ற கணக்கில் 36 அடிகள், அதாவது சரிபாதி, புட்டருக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு வலிமை தேவையில்லை. 2009இல் டர்ன்பெரியில் 59 வயது டாம் வாட்சனுக்கு, கடைசிக் குழியில் பார் எடுத்தால் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் என்ற நிலை வந்தது. அவர் 8 அயர்னில் அடித்த பந்து கிரீனை (குழியைச் சுற்றிய புல்தரை) தாண்டி ஓடியது. ஓர் அடி கூடியதால் சமநிலையாகி, பிளேஆஃபில் ஸ்டூவர்ட் சிங்க்கிடம் தோற்றார். அன்று அவரை வயது தோற்கடித்தது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் கடைசி 20 சுற்றுகளில் சிறந்த எட்டைக் கொண்டுதான் இன்று ஹேண்டிகேப் (திறனுக்கேற்பக் கிடைக்கும் சலுகை அடிகள்) கணக்கிடப்படுகிறது. மோசமான நாள்கள் அதில் சேர்வதில்லை, உங்களைவிட இளைய ஆட்டக்காரரோடும் சமமாகப் போட்டியிடலாம். பயிற்சி நேரத்தில் பாதியைக் குழியிலிருந்து ஐம்பது கெஜத்துக்குள் செலவிடுங்கள்; டிரைவர் பைக்குள் சும்மா இருக்கட்டும்.