பின் எண் கேட்காத அட்டை

கேள்வி: நெரிசலான பேருந்தில் யாராவது ஸ்வைப் மெஷினை என் கைப்பை அருகே கொண்டுவந்தால், கான்டாக்ட்லெஸ் அட்டையிலிருந்து (செருகாமல், கருவியருகே காட்டினாலே பணம் செலுத்தும் அட்டை) பணம் போய்விடுமா? (வாசகி, மதுரை)

பதில்: போகக்கூடும், ஆனால் அவ்வளவு எளிதன்று. அட்டைக்கும் கருவிக்கும் இடையே சில சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் அலை எட்டாது; மேலும் அக்கருவி ஒரு வணிகரின் வங்கிக் கணக்கோடு இணைந்திருப்பதால், திருடுபவர் தடயத்தை விட்டே செல்கிறார். நான் அதிகம் அஞ்சுவது தொலைந்துபோகும் அட்டையைத்தான். ஏனெனில் 2021 ஜனவரி 1 முதல் ஒரு பரிவர்த்தனைக்கு 5,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமலே செலுத்த ரிசர்வ் வங்கி அனுமதித்திருப்பதால், அதைக் கண்டெடுத்தவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

வங்கிச் செயலியின் அட்டைப் பகுதியில் கான்டாக்ட்லெஸ் வசதியை அணைத்துவிடுங்கள். தேவையெனில் வரம்பையாவது குறையுங்கள். கடையில் அட்டையை ஊழியரிடம் கொடுக்காமல், திரையில் தெரியும் தொகையைப் படித்தபின் நீங்களே காட்டுங்கள். 'நெட்வொர்க் இல்லை, இன்னொரு முறை வையுங்கள்' என்றால், குறுஞ்செய்தியைப் பார்க்காமல் வைக்காதீர்கள் (ஏமாறுவது பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான்).

நீங்கள் செய்யாத செலவுக்குக் குறுஞ்செய்தி வந்தால், உடனே அட்டையை முடக்கி, வங்கியிடமும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் செய்யுங்கள். தவறு உங்களுடையதாகவோ வங்கியினுடையதாகவோ இல்லாதபோது, மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை.