டெல்டாவை வரைய எந்தக் கருவி, எந்தக் கோட்டுச்சட்டம்?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் புவியியல் கற்பிக்கிறேன். நிலப்படக் கோட்டுச்சட்டங்களை, அதாவது புரொஜெக்‌ஷன்களை, மாணவர்களே நிரல் எழுதி வரைந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. வெண்ணாறு, வெட்டாறு, பாமணியாறு தெரியும்படி ஒரு டெல்டா படமும், வட்டவாரியாக நெல் பரப்பைக் கணக்கிடும் பயிற்சியும் தேவை. பழைய பாடக்குறிப்பு ஒன்றைப் பார்த்துப் பைத்தானில் பேஸ்மேப் என்ற வரைபடத் தொகுப்பை நிறுவ முயன்றேன். ‘சி++ கம்பைலர் தேவை’ என்று நின்றுவிடுகிறது. ஆய்வகத்தில் இருப்பவை 4 ஜிபி நினைவகம் கொண்ட விண்டோஸ் கணினிகள், இணையமும் மெதுவானது. எதை, எப்படி நிறுவுவது? படத்தில் தமிழ்ப் பெயர்கள் வருமா?

பதில்: பேஸ்மேப்பை விட்டுவிடுங்கள். மினிஃபோர்ஜ் என்ற நிறுவி வழியாகப் பைத்தானை நிறுவி, படம் வரையும் கார்டோபை, நிலத்தரவைக் கையாளும் ஜியோபாண்டாஸ் என்ற இரண்டு தொகுப்புகளையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் இருக்கட்டும். தமிழ்ப் பெயர்களுக்கு அது வேண்டியிருக்கும். நிறுவும் வேலை ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். அதற்கு முன் எந்தக் கோட்டுச்சட்டத்தில் வரையப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். டெல்டாவில் இந்த முடிவு தவறினால் படத்தைப் பார்த்து ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.

காரணம் நம் அட்சக்கோடு. கோடியக்கரையிலிருந்து கொள்ளிடம் கடலில் சேரும் இடம் வரை டெல்டா ஏறத்தாழ 10.3 பாகைக்கும் 11.4 பாகைக்கும் இடையே கிடக்கிறது. இங்கே ஒரு பாகை அட்சத்தின் நீளம் சுமார் 110.6 கி.மீ.; ஒரு பாகை தீர்க்கத்தின் நீளம் சுமார் 109.4 கி.மீ. இரண்டுக்கும் ஒரு சதவீதம்தான் வித்தியாசம். பாகைகளை அப்படியே கட்டத்தாளில் குறித்தாலும், மெர்கேட்டரில் வரைந்தாலும், உலகை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கும் யுடிஎம்மில் வரைந்தாலும் கல்லணை முதல் நாகப்பட்டினம் வரை படம் ஒரே மாதிரிதான் தெரியும். ‘பிறகு எதில் வரைந்தால் என்ன?’ என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். உடனே பரப்பைக் கணக்கிடச் சொல்லுங்கள்.

இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டரில், அதாவது கோட்டுச்சட்டங்களுக்கு எண்ணிடும் இபிஎஸ்ஜி பட்டியலின் 3857இல், ஒரு வயலின் பரப்பைக் கணக்கிட்டால் தஞ்சாவூரின் அட்சத்தில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுதலாக வரும். நம் ஊர்க் கணக்கில் ஒரு வேலிக்கு, அதாவது இருபது மாவுக்கு, முக்கால் மாவுக்கு மேல். சாகுபடிப் பரப்புக்கோ வெள்ளச் சேத இழப்பீட்டுக்கோ இந்த எண் போனால் பாதிக்கப்படுவது விவசாயி. பாகையிலேயே, அதாவது இபிஎஸ்ஜி 4326இல், பரப்பைக் கேட்டால் கிடைப்பது ‘சதுரப் பாகை’ என்ற பொருளற்ற எண். ஜியோபாண்டாஸ் அப்போது எச்சரிக்கை ஒன்று காட்டும். அந்த எச்சரிக்கையை மறைக்கச் சொல்லித்தரும் குறிப்புகளை மாணவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

உங்கள் நெல் பரப்புப் பயிற்சிக்கு யுடிஎம் 44ஆம் மண்டலமே போதும். அதன் எண் இபிஎஸ்ஜி 32644. 78 முதல் 84 பாகை கிழக்கு வரை அதன் எல்லை, 81ஆம் பாகை அதன் நடுக்கோடு. நடுக்கோட்டில் தூரங்கள் 0.9996 மடங்காகச் சுருக்கப்படும். விலக விலக அந்தச் சுருக்கம் குறைந்து, சுமார் 180 கி.மீ. தொலைவில் தூரம் மிகச் சரியாக வரும். அந்தக் கோடு மேற்குப் பக்கத்தில் கும்பகோணத்துக்குச் சற்று மேற்கே ஓடுகிறது! டெல்டாவுக்கென்றே அளந்து வைத்ததுபோல் இது அமைந்துவிட்டது. தஞ்சாவூர் முதல் நாகப்பட்டினம் வரை எங்கே கணக்கிட்டாலும் நூறு ஏக்கருக்கு ஐந்து சென்ட்கூடப் பிழை வராது. சம பரப்புக் கோட்டுச்சட்டம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

ஆனால் மேட்டூர் அணையிலிருந்து பூம்புகார் வரை காவிரியை ஒரே படத்தில் காட்ட நினைத்தால் கதை வேறு. மேட்டூர் 78ஆம் பாகைக்கு மேற்கே, 43ஆம் மண்டலத்தில் இருக்கிறது. கொடுமுடியைத் தாண்டி, கரூரை எட்டுவதற்குள் ஆறு மண்டலம் மாறிவிடுகிறது. இரண்டு மண்டலங்களை ஒட்டுப்போடாமல், தமிழ்நாடு முழுமைக்கும் வகுக்கப்பட்டுள்ள டிரான்ஸ்வெர்ஸ் மெர்கேட்டர் கோட்டுச்சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; எண் இபிஎஸ்ஜி 7785. எல்லாத் தொகுப்புகளுக்கும் இந்த எண் தெரியும்.

கோட்டுச்சட்டங்களின் குணத்தைக் கண்ணால் காட்ட உலகப் படம்தான் வேண்டும். கார்டோபையில் டிஸோ வட்டங்களை வரைய ஒரு வரி போதும். உலகமெங்கும் ஒரே அளவான வட்டங்களை இட்டு, மெர்கேட்டரில் வேதாரண்யத்தின் அட்சத்தில் இருப்பதையும் நார்வேயின் அட்சத்தில் இருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு பயிற்சியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. நாகப்பட்டினத்தை நடுவில் வைத்துச் சமதூரக் கோட்டுச்சட்டம் ஒன்றை வரையுங்கள். அதில் நாகப்பட்டினத்திலிருந்து எந்த ஊருக்கும் தூரமும் திசையும் சரியாக இருக்கும். 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை சென்ற கடாரம், நேர்கோட்டில் 2,300 கி.மீ.க்குச் சற்று மேல் என்பதை மாணவர்கள் அளவுகோல் வைத்தே அளந்துவிடலாம். நடுப்புள்ளியைக் கல்லூரி இருக்கும் ஊருக்கு மாற்றச் சொன்னால் வகுப்பே சுறுசுறுப்பாகிவிடும்.

இனிக் கருவிகள். பேஸ்மேப் ஒரு காலத்தில் அருமையாகப் பயன்பட்டது. 2020உடன் அதன் ஆதரவு முடியும் என்றும் கார்டோபைக்கு மாறலாம் என்றும் அதை உருவாக்கியவர்களே அறிவித்தார்கள். பிறகும் சில பராமரிப்பு வெளியீடுகள் வந்தன என்றாலும், புதிதாகக் கற்பவரை அங்கே அனுப்ப எனக்கு மனம் வராது. கார்டோபை பிரிட்டனின் வானிலை அலுவலகத்தில் பிறந்தது. தரவு எந்தக் கோட்டுச்சட்டத்தில் இருக்கிறது, படம் எதில் வேண்டும் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லும் பழக்கத்தை அது உண்டாக்குகிறது. கற்பிப்பவருக்கு இதைவிட நல்ல குணம் வேறு இல்லை. வங்காள விரிகுடாவின் ஆழத்தோடு சேர்த்து வரைய வேண்டுமானால் 1988இல் பால் வெசல், வால்டர் ஸ்மித் இருவரும் தொடங்கிய ஜிஎம்டி என்ற வரைபட மென்பொருள் சிறந்தது. பைஜிஎம்டி வழியாகப் பைத்தானிலிருந்தே அதை இயக்கலாம். உங்கள் துறையில் புள்ளியியலுக்காக ஏற்கெனவே ஆர் மொழி கற்பிக்கிறீர்கள் என்றால் எஸ்எஃப், ஜிஜிபிளாட் இரண்டும் போதும். விண்டோஸில் எஸ்எஃப் தனக்கு வேண்டிய துணைநிரல்களையெல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டு இறங்குவதால், நிறுவுவதும் எளிது.

உங்களைத் தடுத்த அந்தப் பிழைக்கு வருவோம். இந்தத் தொகுப்புகளுக்கு அடியில் புரோஜ், ஜியோஸ் போன்ற சி, சி++ நிரல்கள் இருக்கின்றன. உங்கள் பைத்தான் பதிப்புக்கு ஏற்ற ஆயத்தக் கோப்பு கிடைக்காதபோது, பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் அவற்றை உங்கள் கணினியிலேயே தொகுக்க முயல்கிறது. அதற்குத்தான் கம்பைலரைக் கேட்கிறது. கம்பைலரைத் தேடி இறக்காதீர்கள். காண்டா-ஃபோர்ஜ் சேமிப்பகத்தில் எல்லாம் ஏற்கெனவே தொகுக்கப்பட்டு, ஒன்றோடொன்று பொருந்தும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. அதிலிருந்து மட்டுமே எடுக்கும் சிறிய நிறுவிதான் மினிஃபோர்ஜ். முழு அனகோண்டாவை இறக்கினால் உங்கள் இணையத்தில் ஒரு நாள் போகும். பெரிய நிறுவனங்களுக்கு அதன் உரிம விதிகளும் வேறு.

மினிஃபோர்ஜை நிறுவும்போது ‘எனக்கு மட்டும்’ என்ற தெரிவை வையுங்கள். நிர்வாகி கடவுச்சொல் தேவைப்படாது. கோப்புறைப் பாதையில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ வேண்டாம். விண்டோஸ் பயனர் பெயரே அப்படி இருந்தால், சி டிரைவில் நேரடியாக ஒரு கோப்புறை தொடங்கி அதில் நிறுவுங்கள். பிறகு மினிஃபோர்ஜின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, காண்டா கிரியேட் கட்டளையால் ‘டெல்டா’ என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்டுத் தனிச் சூழல் ஒன்றை உருவாக்குங்கள். கார்டோபை, ஜியோபாண்டாஸ், ஜூபிடர்லேப், கார்டோபை ஆஃப்லைன்டேட்டா ஆகிய நான்கையும் அந்த ஒரே கட்டளையிலேயே சேர்த்துக் கேளுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டால் பின்னால் வருவது முன்னால் வந்ததன் பதிப்பை மாற்றிவிடக்கூடும். அடிப்படைச் சூழலில் எதையும் சேர்க்காதீர்கள். ‘டெல்டா’ சூழலுக்குள் பிப்பையும் கொண்டுவந்து கலக்காதீர்கள்.

நான்காவதாகச் சொன்ன தொகுப்பு உங்கள் ஆய்வகத்துக்கு இன்றியமையாதது. கார்டோபை கடற்கரையை முதல் முறை வரையும்போது நேச்சுரல் எர்த் என்ற உலக வரைபடத் தரவின் கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கும். மெதுவான இணையத்தில் இருபது மாணவர்கள் ஒரே நேரத்தில் ஓட்டினால் வகுப்பு அங்கேயே நின்றுபோகும். அந்தக் கோப்புகள் முன்கூட்டியே கணினியில் இருந்தால் இந்தச் சிக்கல் வராது. ஒரு கணினியில் எல்லாம் சரியாக ஓடியதும் காண்டா-பேக் கொண்டு சூழலை ஒரே கோப்பாகக் கட்டி, பென் டிரைவில் மற்றக் கணினிகளுக்குக் கொண்டுபோகலாம். எல்லாவற்றிலும் விண்டோஸ் இருப்பதால் தடை இராது.

நேச்சுரல் எர்த்தில் மிக நுணுக்கமானதே ஒன்றுக்கு ஒரு கோடி அளவிலானது. கடற்கரைக்கு அது சரி. வெட்டாறும் பாமணியாறும் அதில் கிடைக்காது. கியூஜிஐஎஸ்ஸில் குவிக்ஓஎஸ்எம் என்ற செருகுநிரலைச் சேர்த்து, டெல்டா எல்லைக்குள் இருக்கும் நீர்வழிகளை மட்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்துச் சேமியுங்கள். மாவட்ட எல்லைக் கோப்பின் வயதையும் பாருங்கள்: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டிய கோப்புகளில் மயிலாடுதுறை இன்னும் நாகப்பட்டினத்துக்குள்தான் இருக்கும், அது தனி மாவட்டமானது 2020இல்.

நிறுவி முடித்ததும் தஞ்சாவூரை வைத்துச் சோதியுங்கள். 79.13 கிழக்கு, 10.79 வடக்கு என்ற புள்ளியை 32644க்கு மாற்றினால் கிழக்குத் தூரம் சுமார் 2,95,500 மீட்டர், வடக்குத் தூரம் சுமார் 11,93,400 மீட்டர் வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கும். இபிஎஸ்ஜி 4326இன் விதிப்படி அட்சம் முதலில் வர வேண்டும். நாம் எழுதுவதோ தீர்க்கத்தை முதலில். புரோஜைப் பைத்தானில் இயக்கும் பைபுரோஜில் ‘ஆல்வேஸ் எக்ஸ்ஒய்’ என்ற தெரிவை இட்டுவிட்டால் இந்தக் குழப்பம் ஒழியும். இடாவிட்டால் தஞ்சாவூர் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டி, இந்தியா 2008இல் திறந்த ஹிமாத்ரி ஆய்வு நிலையத்துக்குச் சில பத்துக் கிலோமீட்டர் தொலைவில் போய் விழும்.

படம் வெறுமையாக வந்தால் வேறு காரணம். பாகையில் உள்ள புள்ளிகளை யுடிஎம் படத்தில் இடும்போது ‘டிரான்ஸ்ஃபார்ம்’ என்ற இடத்தில், பாகைகளை அப்படியே குறிக்கும் கோட்டுச்சட்டமான ‘பிளேட் கரே’யைக் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் 79 பாகையைக் கார்டோபை 79 மீட்டராக எடுத்துக்கொள்ளும். உங்கள் புள்ளிகள் மாலத்தீவுக்குக் கிழக்கே நிலநடுக்கோட்டுக் கடலில் கிடக்கும். படத்தின் சட்டத்துக்குள் வராது.

‘புரோஜ் டிபி கிடைக்கவில்லை’ என்ற பிழை வந்தால், அதே கணினியில் போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற வேறொரு மென்பொருள் தன் புரோஜ் தரவின் இருப்பிடத்தை விண்டோஸின் சூழல் மாறிகளில் எழுதிவைத்திருக்கும். புரோஜ் லிப், புரோஜ் டேட்டா என்ற பெயர்களில் மாறி ஏதேனும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பைத்தானை ஓட்டும் சாளரத்தில் மட்டும் அதை வெறுமையாக்குங்கள். முழுவதும் அழித்தால் அந்த இன்னொரு மென்பொருள் தடுமாறும்.

கடைசியாகத் தமிழ்ப் பெயர்கள். கார்டோபை எழுத்துகளுக்கு மேட்பிளாட்லிப்பை நம்பியிருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் பெட்டி பெட்டியாக வருவது நிற்கும். ஆனால் மேட்பிளாட்லிப் வழக்கமாக எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்குவதால் எகர, ஐகர, ஒகரக் கொம்புகள் மெய்யெழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். கொள்ளிடம், கோடியக்கரை, வெண்ணாறு, வேதாரண்யம், பேராவூரணி என்று நம் பெயர்களில் பாதி இதில் சிக்கும். இரண்டு வழிகள் இருக்கின்றன. மேட்பிளாட்லிப்பில் ‘எஸ்விஜி ஃபான்ட்டைப்’ என்ற அமைப்பை ‘நன்’ என்று வைத்து எஸ்விஜி கோப்பாகச் சேமித்தால், எழுத்துகள் எழுத்துகளாகவே கோப்பில் இருக்கும்; இன்க்ஸ்கேப்போ உலாவியோ அவற்றைச் சரியாக வடிவமைத்துக் காட்டும். வகுப்பறைக்கு இது போதும். சுவர்ப்படமாக அச்சிட வேண்டுமானால் பெயர்களைக் கியூஜிஐஎஸ்ஸிலேயே இடுங்கள். அங்கே தமிழ் பிழையின்றி வருகிறது. பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துகளைக் கோட்டு வடிவமாக ஏற்றுமதி செய்யும் தெரிவை வைத்தால், அந்த எழுத்துரு இல்லாத அச்சகக் கணினியிலும் பெயர்கள் சிதையாமல் அச்சாகும்.